பதினொன்றாவது கோப்பு

ஜூலை 14, திங்கள்

இந்த டைரிக்கு ஜூலை இரண்டு. ஆகஸ்ட் கிடையாது. பைண்டிங்கில் ஜூலைத் தாள்களையே மறுபடியும் எடுத்து வைத்துத் தைத்துவிட்டார்கள். கழிவுக்குப் போக இருந்த நாற்பதில் ஒன்றை டிசம்பரில் எடுத்து வந்தேன். ஏழு மாதமாக மேஜையில் சும்மா கிடந்தது. இன்று எழுதுகிறேன். எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை.

காலையில் முதலாளி கூப்பிட்டார். சண்முகக்கனி அண்ணாச்சி. பதினாறு வருடமாக அவருடைய பிரஸ்ஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

"காளி, பிளேட் பக்கம் எடமே இல்லன்னு பயலுக கத்துறானுக. டிசைன் பக்கம் நெறையச் சும்மா கெடக்காமே?"

"கெடக்கு அண்ணாச்சி."

"அதுல கொஞ்சம் வெட்டி இதுல ஒட்டு. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்தாகணும். புது டிஸ்க்கெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கிடலாம்."

துணி என்று நினைத்துவிட்டார். டிசைன் பிரிவுக்கும் அச்சுத் தகடு செய்யும் பிளேட் பிரிவுக்கும் சர்வரில் தனித்தனியாக ஒதுக்கிய இடத்துக்குப் பெயர் வால்யூம். சர்வரில் ஒரு வால்யூமைப் பெரிதாக்குவது சுலபம், ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாம். சுருக்குவது அப்படியில்லை. இரண்டு வாரம் வேண்டும் என்றேன்.

"ரெண்டு வாரமா? அந்தப் பிள்ளை ஒரே நாள்ல முடிச்சுச்சே. மொத்தமா முடிச்சு விட்டுருச்சு." சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை என்றால் பாண்டீஸ்வரி. என்னிடம் உதவியாளராக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு இதே வேலையில், இதே சர்வரில், அடுத்த வருடக் காலண்டர் டிசைன்கள் பாதிக்கு மேல் போயின. சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்றுதான் மாதிரி ஆல்பத்தைக் காட்டுவார்கள். ஊர் ஊராக ஏஜெண்டுகள் வந்து நிற்பார்கள். அந்த வருடம் எங்கள் பிரஸ்ஸில் காட்ட ஆல்பம் இல்லை. பாண்டீஸ்வரியை அனுப்பிவிட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஜூலை 15, செவ்வாய்

பின்கட்டுக் குழாயில் வாஷர் மாற்றினேன். ஒழுகல் நிற்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். எட்டு நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. மூன்று டிரம் பிடித்தேன். நான்காவது டிரம்மின் அடியில் விரிசல், மாற்றவேண்டும்.

சாப்பிடும்போது சொர்ணலதா கேட்டாள். "ஏங்க, என்ன கொழம்பு சொல்லுங்க பாப்போம்."

தட்டைப் பார்த்தேன். "புளிக்கொழம்பு."

"பாத்துச் சொல்றீங்க. தின்னு சொல்லணும்." கிண்டலாகத்தான் சொன்னாள். பிறகு, வேலை அதிகமா என்றாள். வால்யூமைச் சுருக்கவேண்டும் என்றேன். அப்படியென்றால் என்ன என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்டது நான்கைந்து தடவை இருக்கும்.

பீரோவைக் காட்டிச் சொன்னேன். பீரோ உயரமாக இருக்கிறது, மேல் பாகத்தை அறுத்து எடுத்துவிடவேண்டும். அறுப்பதற்கு முன்னால் மேல் தட்டில் இருக்கும் துணியை எல்லாம் கீழ்த் தட்டுகளுக்கு இறக்கவேண்டும். அதற்குப் பெயர் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்குவது. அதைச் செய்துவிட்டு, கோடு போட்டு, கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே அறுக்கவேண்டும். அது வால்யூமைச் சுருக்குவது. வரிசை மாறினாலும், அளவு மாறினாலும் துணியோடு சேர்ந்து அறுந்துவிடும்.

"அதைத்தான் அந்தப் பிள்ளை மாத்திச் செஞ்சிருச்சா?"

"ஆமா."

மோர் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

ஜூலை 19, சனி

செய்யவேண்டியதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். இரண்டு பிரதி எடுப்பது. பிரதியில் கைக்கு வந்த கோப்புகளைத் திறந்து பார்ப்பது. வால்யூமைக் கழற்றுவது. கட்டாயச் சரிபார்ப்பு. டிசைன் வால்யூம் இப்போது 2000 ஜிபி, உள்ளே சரக்கு 1100. ஃபைல் சிஸ்டத்தை முதலில் 1350க்குச் சுருக்குவது. வால்யூமை 1400க்கு வெட்டுவது. பிறகு ஃபைல் சிஸ்டத்தை வால்யூம் அளவுக்கு நீட்டி நிரப்புவது. அந்த ஐம்பது இடைவெளி கை தவறினால் தாங்குவதற்கு.

முதல் பிரதி ஓடத் தொடங்கியது. டிசைனர் ஒருவன் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பஞ்சாங்கம் மாதிரி எழுதி வச்சிருக்கீங்க" என்றான். ராகுகாலம் மட்டும் எழுதவில்லை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

பிரதி ஓடுகிறது. கோழி வாங்கினேன்.

ஜூலை 22, செவ்வாய்

மகளுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போனேன். எப்போதும் போகும் மையத்தில் நெட் இல்லை, அதனால் இங்கே. டோக்கன் பதினேழு. என் முறை வந்தபோதுதான் பார்த்தேன், கவுண்டரில் பாண்டீஸ்வரி.

"சார். வாங்க சார். உக்காருங்க." எழுந்து நின்றாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்பு கிடையாது. விண்ணப்பத்தை வேகமாக ஏற்றினாள். அனுப்பும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவ பாத்துருவேன் சார். இங்க எனக்குப் பேரே ரெண்டு தடவைதான்." சிரித்தாள்.

பிரஸ் வேலைக்கு எங்கும் போகவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம்.

"போன மாசம்கூட ஒரு எடத்துல கூப்பிட்டாங்க சார். பேரைச் சொன்னதும், 'நீதானா அது'ன்னாங்க. அதோட சரி." பிரிண்டரிலிருந்து தாளை எடுத்தாள். குரலைக் குறைத்துக்கொண்டாள். "சார், அன்னைக்கு ஃபைல் சிஸ்டத்துக்கு ஐந்நூத்தி எண்பதுன்னுதான் நான் அடிச்சேன். அப்படித்தான் ஞாபகம். ஆனா மூணு வருசம் ஆச்சா, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. மாத்தி அடிச்சிருப்பேனோ என்னமோ."

"விடும்மா, முடிஞ்சுபோனது" என்றேன்.

"நீங்க அன்னைக்கு என்னையத் திட்டவே இல்ல சார். அதை நான் மறக்கல."

சான்றிதழ் பத்து நாளில் வருமாம். வரும் வழியில் டிரம் கடை மூடியிருந்தது.

ஜூலை 23, புதன்

இரண்டாம் பிரதி முடிந்தது. இருநூறு கோப்புகளைத் திறந்து பார்த்தேன். காலண்டர் படங்களில் எல்லாச் சாமியும் நன்றாக இருக்கிறார்கள்.

இந்த வால்யூம்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும், மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு சின்னக் கோப்பில் தானாக எழுதி வைத்துக்கொள்ளும். எந்தக் கட்டளை கொடுத்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதும் அதிலேயே இருக்கும். கடைசிப் பத்தை வைத்துக்கொள்ளும். பதினொன்றாவது வந்தால், நாள்பட்ட பழையதைத் தானே தூக்கிப் போட்டுவிடும்.

எங்கள் சர்வரில் இப்போது பத்து இருக்கின்றன. ஆகப் பழையது மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதத்தது. வியாழக்கிழமை, பகல் 14:07. வால்யூம் 500க்கு வெட்டப்பட்டது என்று அதில் இருக்கிறது. அன்று சித்திரைப் பொங்கல். பாண்டீஸ்வரி பன்னிரண்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையில் புதிதாக இரண்டு கோப்பு வரும்.

ஜூலை 24, வியாழன்

பத்தும் இருக்கின்றன. எண்ணினேன்.

ஜூலை 26, சனி

யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தச் சித்திரைப் பொங்கலன்று காலையில் அந்தப் பெண் தன் பங்கைச் சரியாகச் செய்தாள். ஃபைல் சிஸ்டத்தை 580க்குச் சுருக்கினாள். ஒரு தாளில் '580 ஆச்சு சார். வால்யூமை 600க்குக் குறைக்கணும். பொங்கலுக்குப் போறேன்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். மிச்சம் என் வேலை, பத்து நிமிடம்கூட இல்லை.

இரண்டு மணிக்கு அண்ணாச்சி போனில் வந்தார். "இன்னும் ஒரு நூறு சேத்துக் கெடைக்குமா காளி?" உள்ளே சரக்கு 430தான் இருந்தது. 430 சரக்குக்கு 500 தாராளம் என்று பட்டது. சரக்கு 430 ஆனாலும் அது 580 முழுக்க அங்கங்கே பரவிக் கிடக்கும், ஃபைல் சிஸ்டத்தை மறுபடி சுருக்காமல் கை வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். "கெடைக்கும் அண்ணாச்சி" என்று உடனே சொல்வதற்கு ஆசை. அவ்வளவுதான் காரணம். டேட்டா அழியலாம், தொடரவா என்று கேட்டது. ஆம் என்று அடித்தேன்.

வால்யூம் திறக்கவில்லை. பயந்துவிட்டேன். பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன், எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லச் சொல்லி. நான்கு மணிக்கு டிசைன்கள் எல்லாம் பெயர் போய் வெறும் எண்களாகக் கிடந்தன. ஒன்றைத் திறந்தேன். பிள்ளையார் தும்பிக்கை வரை இருந்தார், கீழே சாம்பல் நிறம். பேக்கப் ஜனவரி மாதத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அந்தச் சின்னக் கோப்புகளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 14:07 கோப்பை வைத்துப் பழைய அளவுக்கே திருப்பியிருந்தால் ஒன்றும் போயிருக்காது. பழுதுபார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒன்பது மணிக்கு அவளை அண்ணாச்சி முன்னால் நிறுத்தினார்கள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சொன்னது இது: "சைஸ்ல தப்பு நடந்துருச்சு அண்ணாச்சி. பிள்ளை புதுசு."

இரண்டும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒட்டியிருந்த தாளை எட்டரை மணிக்கே கிழித்திருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

எட்டு மணிக்குப் பிரஸ். வாட்ச்மேன் தவிர யாரும் இல்லை. வால்யூமைக் கழற்றினேன். சரிபார்ப்பு நாற்பது நிமிடம், பிழை இல்லை. 1350க்குச் சுருக்க மூன்று மணி நேரம். இரண்டு டீ குடித்தேன்.

வெட்டும் முன்பு அந்த மே மாதக் கோப்பைத் திறந்து அச்செடுத்தேன். காரணம் என்று எதையும் யோசிக்கவில்லை. புரூஃப் பிரிண்டரில் ஆர்ட் பேப்பர் போட்டு வைத்திருந்தார்கள், லட்சுமி படம் அடிக்கிற கனமான வழவழத் தாள். அதில்தான் வந்தது.

1400க்கு வெட்டினேன். தொடரவா என்று கேட்டது. எண்ணை மூன்று முறை பார்த்துவிட்டு ஆம் என்றேன். ஃபைல் சிஸ்டத்தை நீட்டி நிரப்பினேன். மறுபடி சரிபார்த்தேன். மாட்டினேன், திறந்தது. அறுநூறைப் பிளேட் வால்யூமில் சேர்த்தேன். மூன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது. ஒரு கோப்புகூடப் போகவில்லை.

அந்தச் சின்னக் கோப்புகள் இருக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பத்து கோப்புகள். மே மாதத்தது இல்லை. நான் அழிக்கவில்லை.

தாளை இந்த டைரிக்குள் இரண்டாவது ஜூலையில் வைத்திருக்கிறேன். இனி அது இருப்பது இங்கே மட்டும்தான்.

ஜூலை 30, புதன்

புது டிரம் வாங்கினேன். நீலம். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அச்சில் இருந்த ஜூலையை அடித்து ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறேன். கிழமையையும் அடிக்கவேண்டியிருந்தது.

ஆடிப் பதினெட்டு. பூஜை போட்டு ஆல்பத்தை வைத்தார்கள். மதுரை, சேலம், நெல்லூர் வரை ஏஜெண்டுகள் வந்திருந்தார்கள். கேசரி, வடை. அண்ணாச்சி ஒருவரிடம் என்னைக் காட்டினார். "இந்த வருசம் ஆல்பம் வந்ததுக்கு இவன்தான் காரணம். மூணு வருசத்துக்கு முன்ன ஒரு பிள்ளை வந்து எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போச்சு. இவன் ஒத்தையில தூக்கி நிறுத்துனான்."

ஏஜெண்டு எனக்குக் கை கொடுத்தார். என் கையில் கேசரி நெய்.

கூட்டம் குறைந்ததும் அவர் அறைக்குப் போனேன். தாளை மேஜையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வெட்டுனது நான். அந்தப் பிள்ளை இல்ல. நேரம் போட்டிருக்கு பாருங்க. அது பன்னெண்டு மணிக்கே போயிருச்சு."

அவர் தாளைத் தொடவில்லை.

"எத்தன வருசமாத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"நான் நூறு சேத்துக் கேட்டேனே, அதுக்கா வெட்டுன?"

"ஆமா."

கோபப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். வேலை போகும் என்றும் நினைத்திருந்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நல்ல நாளும் அதுவுமா இதை எதுக்கு எடுத்துட்டு வர்ற? வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்? சம்பந்தமில்லாத பிள்ளைய வெரட்டிட்டான்னு என்னையத்தான் காறித் துப்புவானுக. கிழிச்சுப் போட்டுட்டுப் போய் வேலையப் பாரு. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டபோதுதான் வெட்கமாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வடை இன்னும் மீதி இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அரை நாள் லீவு. இ-சேவை மையத்தில் டோக்கன் முப்பத்தொன்று. காத்திருந்தேன்.

"சர்டிபிகேட் வந்துருச்சு சார், மெசேஜ் வரலையா?" என்றாள். சான்றிதழுக்காக வரவில்லை என்று தாளை நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரல் வைத்து வாசித்தாள். கடைசி வரி வரை போனாள். மறுபடி முதல் வரிக்கு வந்தாள்.

"ஐந்நூறா?"

"ஆமா."

"ரெண்டு ஏழு. நான் கோயில்ல இருந்தேன். தேர்க் கயிறு இழுத்துட்டு இருந்தோம்." யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "அப்ப ஐந்நூத்தி எண்பதுன்னு நான் அடிச்சது சரிதான்."

"சரிதான். நீ எதையும் மாத்தலம்மா. நான்தான் அறுநூறுக்குப் பதிலா ஐந்நூறுக்கு வெட்டுனேன். மன்னிச்சிரு."

தாளையே பார்த்தாள். "சார், இந்தக் கோப்ப வச்சுத் திருப்பியிருக்கலாமே. எல்லாம் வந்திருக்குமே."

"வந்திருக்கும்."

"அது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"மறுநாள் காலையில."

"நான் மொதலாளி முன்னால நின்னேனே. அதுக்கு முந்தியா, பிந்தியா?"

பிந்தி என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் கோப்பு எதுவும் கிடையாது.

"முந்தி" என்றேன்.

தலையை ஆட்டினாள். ஸ்கேனரைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள், மேலே ஒரு பேனாவை வைத்தாள். "இதுக்குக் கீழ எழுதுங்க சார். இப்ப என்கிட்ட சொன்னத. கையெழுத்துப் போட்டு, தேதி போடுங்க."

எழுதினேன். நான்கு வரி. வழவழத் தாளில் மை காயவில்லை, அவள் ஊதிக் காயவைத்தாள். ஸ்கேன் செய்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். இன்னொரு முறை ஸ்கேன் செய்தாள்.

"முப்பத்திரண்டு யாருங்க?" என்று என் தோளுக்கு மேலே பார்த்துக் கேட்டாள். நான் எழுந்துகொண்டேன்.

சான்றிதழை வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முதலாளி பேசவில்லை. பிளேட் பக்கம் வேலை ஓடுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது போன் வந்தது. வேறொரு பிரஸ்ஸின் மேனேஜர். பெயர் சொன்னார், பழக்கமில்லை.

"பாண்டீஸ்வரின்னு ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கு. ஒரு தாள் காட்டுது. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா."

"எழுதியிருக்கிறது?"

"நான் எழுதுனதுதான். அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

"உங்களை இன்னும் அங்க வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்று வரைக்கும் வைத்திருக்கிறார்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கும்.

சொர்ணலதா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை மாத்திச் செய்யல" என்றேன். "அன்னைக்கு உன்கிட்ட ஆமான்னு சொன்னேன்ல. பொய். நான்தான்."

சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு கூட" என்றேன்.

"ஒரு வாரமா உங்க தட்டுல மட்டும் அரை ஸ்பூன் கூடத்தான் போடுறேன்" என்றாள். "எப்பத்தான் சொல்றீங்கன்னு பாத்தேன்."

தட்டை எடுத்துப் போய் வேறு குழம்பு ஊற்றி வந்தாள். கத்திரிக்காய் போட்டிருந்தாள்.